கிணற்றைப் பார்த்து வைத்த துலா

(முரசுமோட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்துவடிவம்)



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அவர் எனக்குக் கணிதம் படிப்பித்தவர். கொப்பியில் விடை சரியாக இருந்தாலும் அவர் உடனே சரி போடமாட்டார். கேள்வியை நாங்கள் சரியாக வாசித்திருக்கிறோமா என்று முதலில் பார்ப்பார். நீரேற்று நிலையங்களை வடிவமைக்கும் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்தபின் எனக்கு ஒன்று உறுதியாகத் தெரிகிறது. பிழைத்துப்போன நிலையங்களில் பெரும்பாலானவை கணக்குத் தப்பியதால் பிழைத்தவை அல்ல. கேள்வியை வாசிக்காமல் விடை எழுதியதால் பிழைத்தவை. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

துலாவிலிருந்து தொடங்குகிறேன். இங்கே இருக்கும் மூத்தவர்களில் பலர் துலா மிதித்தவர்கள். ஆடுகால் இரண்டு, அவற்றின் மேல் நீண்ட துலா, நுனியில் கொடி, கொடியில் பட்டை. துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றடியில் ஒருவர் பட்டையைப் பிடித்துச் சரிப்பார். தோட்டத்தில் இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். மூவரும் சேர்ந்தால்தான் ஒரு இறைப்பு. அந்தத் துலாவை எவரும் கடையில் வாங்கி வரவில்லை. கிணறு எவ்வளவு ஆழம், கோடையில் நீர் எவ்வளவு கீழே போகும், மிதிக்கிறவர் எத்தனை பேர், பட்டை எவ்வளவு கொள்ளும் என்று பார்த்தே ஆடுகாலின் உயரத்தையும் துலாவின் நீளத்தையும் முடிவுசெய்தார்கள். அயல்வீட்டுக் கிணற்றுத் துலா அப்படியே நம் கிணற்றுக்குப் பொருந்தாது. இடத்துக்கேற்ற வடிவமைப்பு என்று இன்று நாங்கள் பெரிய பெயர் சொல்லிப் படிப்பதை நம் பாட்டன்மார் கிணற்றடியில் செய்துவிட்டார்கள்.

துலாவுக்குப் பிறகு தண்ணீர் இறைக்கும் மிசின் வந்தது. என் தகப்பனார் அதைச் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டி வயலுக்குக் கொண்டுபோவார். 1990க்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருள் கிடைப்பது அரிது. ஒரு சொட்டுப் பெற்றோலில் இயக்கி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடவிட்ட காலம் அது. தொடங்குமுன் பம்பிக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். அதைச் செய்வது என் வேலை. தண்ணீர் எடுக்கும் யந்திரத்துக்கு ஏன் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்ற கேள்விதான் என்னைப் பொறியியலுக்குக் கொண்டுவந்தது.

பம்பி தண்ணீரை இழுப்பதில்லை. அது தன் வாயில் அழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே உள்ள காற்று தண்ணீரை மேலே தள்ளிவிடுகிறது. காற்றால் அதிகம் தள்ளமுடிந்தது ஏறத்தாழ 10 மீற்றர். குழாயின் உராய்வு, நீராவியாகும் போக்கு எல்லாம் கழித்தால் நடைமுறையில் 7 மீற்றர் கிடைத்தாலே பெரிது. அதனால்தான் கோடையில் கிணற்று நீர் கீழே போனதும் மிசினைக் கிணற்றுக்குள் ஒரு தட்டில் இறக்கி வைத்தார்கள். அது உயிரோடு விளையாட்டு. புகை கிணற்றுக்குள்ளே தேங்கும். அந்தப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இறங்கியவர் மயங்கினால் தூக்க இறங்குகிறவரும் மயங்குவார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கழிவுநீரைப் பற்றிப் பேசும்போது இதே கிணற்றுக்கு மறுபடியும் வருவேன்.

நம் ஊர் இரணைமடுவை நம்பிய ஊர். 1920இல் கட்டி முடிக்கப்பட்டு, பிறகு பல தடவை கட்டு உயர்த்தப்பட்ட குளம் அது. ஏறத்தாழ 21,000 ஏக்கருக்கு நீர் கொடுக்கிறது. அந்த நீர் துருசு திறந்தால் தானாகவே வாய்க்கால் வழியே இறங்கி வரும். சரிவு சரியாக இருந்தால் மின்சாரமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். அதனால் நீர்ப்பொறியியலில் முதல் விதி இது: சரிவால் போகக்கூடிய இடத்துக்குப் பம்பி வைக்காதே. பம்பி வைக்காமல் விடுவதும் வடிவமைப்புத்தான்.

ஆனால் எல்லாக் காணியும் குளத்துக்குக் கீழே இல்லை. மேட்டுக்காணிகளுக்கு நீர் ஏற்றுவதற்காக நம் மாவட்டத்துத் திருவையாற்றில் ஏற்று நீர்ப்பாசனத் திட்டம் அமைந்தது. போர்க்காலத்தில் அது நின்றது. போருக்குப் பிறகு மீளமைக்கப்பட்டது. ஒன்றைக் கவனியுங்கள். வாய்க்கால் தூர்ந்தாலும் ஒரு மண்வெட்டியோடு நாலு பேர் இறங்கினால் ஓரளவு நீர் ஓடும். நீரேற்று நிலையம் நின்றால் ஒரு சொட்டும் ஏறாது. மின்சாரம், உதிரிப்பாகம், இயக்கத் தெரிந்த ஆள், கட்டணம் கட்டும் ஏற்பாடு ஆகிய நான்கில் ஒன்று அறுந்தாலும் மேட்டுக்காணி காய்ந்துவிடும். ஆகவே நீரேற்று நிலையத்தைக் கட்டுகிறவர் அந்த நான்கையும் சேர்த்தே கட்ட வேண்டும்.

இப்போது இங்கே வந்திருக்கும் பொறியியல் மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. 4,000 பேர் வாழும் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 120 லீற்றர். தேவை கூடிய நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 576 கனமீற்றர். நாளில் 16 மணித்தியாலம் பம்பி ஓடினால் நொடிக்கு 10 லீற்றர் ஏற்ற வேண்டும். நீர்த்தாங்கி 2 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. எடுக்கும் மட்டத்துக்கும் தாங்கியின் மட்டத்துக்கும் இடையே 20 மீற்றர் உயரம். இதை எப்படியும் ஏற்றியே ஆகவேண்டும். யாராலும் குறைக்க முடியாது.

குறைக்கக்கூடியது குழாயின் உராய்வு. உள்விட்டம் 100 மில்லிமீற்றர் குழாய் போட்டால் அந்த 2 கிலோமீற்றரில் உராய்வுக்கே 33 மீற்றர் போய்விடும். 150 மில்லிமீற்றர் போட்டால் 5 மீற்றருக்கும் குறைவு. குழாயின் விட்டம் ஒன்றரை மடங்கு. உராய்வு ஏழில் ஒரு பங்கு. உயரத்தையும் உராய்வையும் சேர்த்தால், முதல் குழாய் போட்ட நிலையத்தில் பம்பி 53 மீற்றர் ஏற்றுகிறது, இரண்டாவதில் 25 மீற்றர். பம்பியும் மோட்டரும் சேர்ந்து 65 வீதத் திறனுடன் வேலை செய்தால் முதலாவதற்கு 8 கிலோவாற்று வேண்டும், இரண்டாவதற்கு 4 கிலோவாற்றுக்கும் குறைவு. ஆண்டு முழுவதும் கூட்டினால் ஏறத்தாழ 25,000 அலகு மின்சாரம் வித்தியாசம். கேள்விப்பத்திரத்தில் விலை குறைந்த குழாயைத் தேர்ந்தெடுத்த கையெழுத்து ஒருநாள் வேலை. அதன் மின்கட்டணத்தை ஊர் முப்பது வருடம் கட்டும். திட்டத்தின் விலையைக் கேட்கும் கமக்காரர் அமைப்பு மாதாந்த மின்கட்டணத்தையும் கேட்க வேண்டும். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இனி நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், வேறோர் ஊரில், ஒரு நிலையத்துக்கு 28 மீற்றர் உயரம் என்று கணக்கு வந்தது. பாதுகாப்புக்கென்று நான் கொஞ்சம் கூட்டினேன். என் மேலாளர் கொஞ்சம் கூட்டினார். வாங்கிக் கொடுத்தவர் இன்னும் கொஞ்சம் கூட்டினார். கடைசியில் 45 மீற்றருக்கான பம்பி வந்து சேர்ந்தது. எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் செய்தோம். ஆனால் மையவிலக்குப் பம்பிக்கு ஒரு குணம் உண்டு. எதிர்க்கும் உயரம் குறைந்தால் அது அதிக நீரைத் தள்ளும். அதிக நீர் தள்ளும்போது மோட்டர் அதிகச் சுமை இழுக்கும், உறிஞ்சும் பக்கத்தில் நீர் குமிழியாக வெடித்துச் சக்கரத்தை அரிக்கும், தண்டு அதிரும். ஓராண்டுக்குள் அந்தத் தண்டைத் தாங்கும் பெயரிங்குகள் இரண்டு தடவை போயின. கடைசியில் அங்கிருந்த இயக்குபவர் வால்வைப் பாதி மூடிவைத்து ஓடவிட்டார். பம்பி தப்பிக்கொண்டது. ஆனால் கட்டணம் கட்டிய மின்சாரத்தில் ஒரு பெரும் பங்கு அந்த மூடிய வால்வில் வெறும் இரைச்சலாகப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு அந்த அறையில் நின்ற நாள் எனக்கு மறக்கவில்லை. பயத்தினால் கூட்டுவது பாதுகாப்பு ஆகாது. அளந்து அறிவதே பாதுகாப்பு.

இன்னொரு விடயம், நம் பகுதியில் அடிக்கடி மின்சாரம் போகும். அது போகும் கணத்தில் ஏற்றுக்குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் நீருக்கு என்ன நடக்கும்? நொடிக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் நீர் இரும்புக் குழாயில் சட்டென்று நின்றால், ஏறத்தாழ 100 மீற்றர் உயர நீரின் அழுத்தத்துக்குச் சமமான அடி ஒன்று குழாய் முழுவதும் போய் வரும். நீர்ச்சம்மட்டி என்கிறோம். மின்சாரம் ஒழுங்காகக் கிடைக்கும் நகரத்தில் ஆண்டுக்குச் சில தடவை விழும் அடி, மின்வெட்டு மலிந்த ஊரில் நாள்தோறும் விழும். அதனால் இங்கே காற்றுக்கலம், மெல்ல மூடும் வால்வு போன்றவை ஆடம்பரம் அல்ல. வேறு நாட்டுக்கு வரைந்த படத்தை அப்படியே இங்கே கட்டக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கழிவுநீருக்கு வருகிறேன். நம் மாவட்டத்தில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லை. வீடுகளில் குழி, அது நிரம்பினால் பவுசர். ஆனால் ஆஸ்பத்திரி, விடுதி, சந்தை, தொழிற்சாலை என்று பெருகும்போது ஒவ்வொன்றும் தன் கழிவுநீரைச் சுத்திகரிப்புத் தொட்டிக்கு ஏற்றவேண்டி வருகிறது. சிறிய கழிவுநீரேற்று நிலையங்கள் நம் ஊர்களுக்குள்ளும் வந்துகொண்டிருக்கின்றன.

இவற்றின் முக்கியத்துவத்துக்கு ஒரு பழைய கதை: 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் லண்டன் நாடாளுமன்றத்தையே நிலைகுலைத்தது. அதன்பின் பொறியியலாளர் ஜோசப் பசல்ஜெற் நகரத்துக்குக் கீழே பெரும் கால்வாய்கள் கட்டினார். தாழ்வான பகுதிகளின் கழிவுநீர் சரிவால் மட்டும் கடலை நோக்கிப் போகாது. அதை ஏற்றிவிட 1865இல் குறொஸ்னெஸ், 1868இல் அபே மில்ஸ் நீரேற்று நிலையங்கள் நீராவி யந்திரங்களோடு திறக்கப்பட்டன. அவற்றைப் பார்ப்பவர் கோயில் என்று நினைப்பார், அவ்வளவு அலங்காரம். நகரத்தின் உயிரைக் காப்பது கழிவுநீரை ஏற்றும் இந்த வீடுதான் என்று அந்தத் தலைமுறை உணர்ந்திருந்தது. நாமோ அந்த வீட்டை ஊரின் பின்புறத்தில் மறைத்துக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறோம்.

நிலையத்தில் கழிவுநீர் வந்து சேரும் கழிவுநீர்க் கிணற்றின் அளவில் ஒரு நுட்பம் உண்டு. சிறிதாகக் கட்டினால் பம்பி ஓயாமல் நின்று நின்று தொடங்கும். மோட்டர் சூடேறிக் கருகும். பெரிதாகக் கட்டினால் கழிவு தேங்கி அழுகும். நொடிக்கு 20 லீற்றர் தள்ளும் பம்பி மணிக்கு 6 தடவைக்கு மேல் தொடங்கக்கூடாது என்றால், தொடங்கும் மட்டத்துக்கும் நிற்கும் மட்டத்துக்கும் இடையே 3 கனமீற்றர் போதும். அவ்வளவுதான். பெரிய தொட்டி நல்லது என்ற வீட்டுப் பழக்கம் இங்கே உதவாது.

அழுகும் கழிவிலிருந்து ஐதரசன் சல்பைட்டு எழுகிறது. குறைவாக இருக்கும்போது கூழ்முட்டை மணம். செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் மணமே தெரியாது. மணம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பவர் திரும்பி ஏறமாட்டார். அதே வாயு சுவரின் ஈரத்தில் அமிலமாகி, கொங்கிறீற்றையும் கரைத்து இரும்புக் கம்பியை வெளியே காட்டும்.

முன்பு சொன்ன மிசின் இறக்கிய கிணற்றை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இன்றும் கழிவுநீர்க் குழிக்குள் இறங்கி மனிதர்கள் இறக்கிறார்கள். அதைத் தடுக்க இந்தியாவில் 2013இல் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் மரணம் நிற்கவில்லை. ஏன்? பல கிணறுகள் ஆள் இறங்காமல் பராமரிக்க முடியாதபடி கட்டப்பட்டிருக்கின்றன. பம்பி அடைத்தால் ஒருவர் இறங்கித்தான் ஆகவேண்டும் என்று ஒரு வரைபடம் சொன்னால், அந்த வரைபடமே ஒருவரை உள்ளே தள்ளுகிறது. மாணவர்களே, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். வழிகாட்டித் தண்டில் சறுக்கி, சங்கிலியால் மேலே தூக்கி எடுக்கக்கூடிய அமிழ்பம்பியை வையுங்கள். வால்வுகளைக் கிணற்றுக்குள் வைக்காமல் பக்கத்தில் தனி அறையில் வையுங்கள். துணியும் பிளாஸ்ரிக் பையும் பிடிபடும் கூடையை மேலிருந்தே எடுக்கும்படி செய்யுங்கள். ஒன்று பழுதானால் மற்றது ஓட இரண்டு பம்பிகள் வையுங்கள். செலவு கொஞ்சம் கூடும். நீங்கள் வரைந்த கிணற்றுக்குள் யாருடைய பிள்ளையும் இறங்கவேண்டி வராது. அதைவிடப் பெரிய பட்டம் பொறியியலாளருக்கு இல்லை.

அடுத்தது வெள்ளம். இதைப் பற்றி உங்களுக்கு நான் படிப்பிக்க முடியாது. 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து, கனகராயன் ஆறு கரைபுரண்டபோது முரசுமோட்டை வீடுகளுக்குள் நீர் நின்றது. ஆனையிறவுக்குக் கிழக்கே விரிந்த கடல்நீரேரியை நோக்கி இறங்கும் தாழ்நிலத்தில் இருக்கிறோம். குளம், மடு, ஓடை, மோட்டை என்று நீரிலேயே முடியும் வன்னி ஊர்ப்பெயர்களில் நம்முடையதும் ஒன்று. நீர் இங்கே வரும், நிற்கும் என்று பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அப்படியான இடத்தில் மின்பலகையையும் மின்பிறப்பாக்கியையும் தரைமட்டத்தில் வைத்த நீரேற்று நிலையம், மிகவும் தேவைப்படும் நாளிலேயே மூழ்கிப்போகும். கழிவுநீர்க் கிணறு மூழ்கினால் வெள்ளத்தோடு மலமும் கலந்து குடிநீர்க் கிணறுகளுக்குள் போகும். ஒரு மேடையை இரண்டு அடி உயர்த்திக் கட்டும் செலவுக்கும் அதன்பின் வரும் வாந்திபேதிக்கும் இடையே எதைத் தேர்ந்தெடுப்பது?

2005இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்சைக் கற்றீனாப் புயல் தாக்கியது. அந்நகரின் அருகிலுள்ள ஜெபர்சன் வட்டாரத்தில் வெள்ளநீரை வெளியேற்றும் பம்பிகளை இயக்குபவர்களைப் புயலுக்கு முன்பே தொலைவான இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இயக்க ஆளில்லாமல் பம்பிகள் நின்றன, வீடுகள் மூழ்கின. பிறகுதான் ஒவ்வொரு நிலையத்திலும் இயக்குபவர் புயலைத் தாங்கித் தங்குவதற்கு உறுதியான அறை கட்டினார்கள். பெரும் பம்பிகள் இருந்த இடத்திலேயே, மனிதருக்கு ஒரு அறை இல்லாததால் பெரும் நஷ்டம் வந்தது. துலாவின் மேல் நடப்பவர் இல்லாமல் துலா எதற்கு?

கடைசியாக, யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் என்ற கேள்வி. இரணைமடுவிலிருந்து நீர் கொண்டுபோகும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுடன் வரையப்பட்டது. சிறுபோகத்துக்கே நீர் போதாத ஆண்டுகளைக் கண்ட கமக்காரர் அதை எதிர்த்தனர். யாழ்ப்பாணத்தாரின் தாகமும் உண்மை. நம் கமக்காரரின் அச்சமும் உண்மை. கடைசியில், இரணைமடு நீருக்குப் பதிலாக, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டப்பட்டு, 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். கடல்நீரை மென்சவ்வு வழியே தள்ள ஏறத்தாழ 60 வளிமண்டல அழுத்தம் வேண்டும். அதாவது 600 மீற்றர் உயரத்துக்கு நீரை ஏற்றுவதற்குச் சமம். நவீன நிலையங்களிலும் ஒரு கனமீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் போகும். முன்பு கணக்கிட்ட, 150 மில்லிமீற்றர் குழாய் போட்ட நம் கிராமத்து நிலையத்தில் அதே ஒரு கனமீற்றருக்கு ஏறத்தாழப் பத்தில் ஒரு அலகு போதும். அப்படி ஏற்றும் நீருக்கும் கடலிலிருந்து நன்னீராக்கும் நீருக்கும் இடையே ஏறத்தாழ முப்பது மடங்கு வித்தியாசம். யாரையும் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. குழாயின் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், குளத்தை நம்பி வாழ்பவரின் நம்பிக்கை அந்தக் கணக்கில் சேராவிட்டால் நீர் ஏறாது. அந்த நம்பிக்கை கிடைக்காதபோது நாடு கட்டும் விலை அந்த மின்கட்டணத்தில் தெரிகிறது.

ஊரவர்களே, நாளைக்கு இங்கேயும் ஒரு நீரேற்று நிலையம் வரையப்படும். குடிநீருக்காக இருக்கலாம், கழிவுநீருக்காக இருக்கலாம். வரைய வருபவர் தொலைவிலிருந்து வருவார். நல்லவராகவே இருப்பார். ஆனால் அவர் கையில் நம் ஊரைப் பற்றிய கேள்வித்தாள் வெறுமையாக இருக்கும். அதை எழுதிக் கொடுக்க வேண்டியவர்கள் நாங்கள். உங்கள் கிணற்றில் ஆவணி, புரட்டாதியில் நீர் எந்தப் படியில் நிற்கிறது, எந்த மாதத்தில் உவர்க்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மின்சாரம் எத்தனை தடவை போகிறது, எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்கள் ஆர்வத்தோடு எழுதுவார்கள். எங்கள் ஆசிரியர் இருந்திருந்தால் அதைத்தான் வீட்டுப்பாடமாகக் கொடுத்திருப்பார்.

சில வீட்டுச் சுவர்களில் 2018 வெள்ளம் நின்ற மட்டம் மண்ணிறக் கோடாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் இப்போது வெள்ளையடித்துவிட்டார்கள். அந்தத் துயரத்தைச் சுவரிலே வைத்துப் பார்க்க யாருக்குத்தான் மனம் வரும்? ஆனால் இன்னும் அந்தக் கோடு எஞ்சியிருக்கும் வீட்டுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். வெள்ளையடிக்குமுன் ஒரு அளவுநாடாவை எடுத்து, தரையிலிருந்து அது எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதிவையுங்கள். இந்த மண்ணில் கட்டப்போகும் எந்த நீரேற்று நிலையத்துக்கும் அதுதான் முதல் அளவு.